தொட்டி மூடி

தண்ணீர்த் தொட்டியின் மூடிமேல் காளியாயி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

கீழே டாக்டரய்யா குளோரின் தூள் டின்னை அணைத்துக்கொண்டு கத்தினார். தேயிலைத் தோட்டத்து மருந்தறையில் மருந்து கலந்து கொடுப்பவர். எல்லோரும் கூப்பிட்டுக் கூப்பிட்டே டாக்டர் ஆகிவிட்டவர். இது விஷமில்லை, கிருமியைக் கொல்லுகிற மருந்து என்று செவிடர்களுக்குச் சொல்வதுபோல் சொன்னார்.

அவள் அசையவில்லை.

அவள் புருஷன் செல்லசாமிக்கு மானம் போயிற்று. லயத்து வீடுகளே திரண்டு வந்து வேடிக்கை பார்த்தது.

விடிந்ததும் விடியாததுமாகப் தொட்டித் தண்ணீர் விழுகிற பீலியின் வாயில் சாக்கை அடைத்து, குடத்தோடு வந்த பெண்களையெல்லாம் மேல்மலை ஊற்றுக்கு விரட்டிவிட்டாள். பெற்றதைப் பறிகொடுத்ததில் புத்தி பிசகிவிட்டது என்று ஆளுக்கு ஆள் பேசினார்கள்.

செல்லசாமிக்கும் அப்படித்தான் பட்டது.

இந்தத் தண்ணீர்தானே மூத்தவளைக் கொண்டுபோனது? உத்தியோகத்தர் வீட்டுக் கக்கூஸ் சாக்கடைக் கான் தொட்டிக்கு மேலேதான் கசிகிறது. நெருப்புக்காய்ச்சல் வராமல் என்ன செய்யும்? சின்னவன் இன்னும் டவுன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான்.

தண்ணீருக்கு மருந்து போடுங்கள் என்று டாக்டரய்யா காலில் விழுந்தவளே இவள்தான். அப்போதெல்லாம் தூள் இல்லை, போ போ என்றவர், இன்றைக்குத் தானாகவே டின்னோடு வந்து நிற்கிறார். வந்த மருந்தைப் போடவிடாமல் இந்தச் சனியன் மறிக்கிறது.

"இறங்குடி! இன்னொன்னையும் வாரிக் குடுக்கணுமா?"

ஆத்திரத்தோடு எட்டி அவள் கையைப் பிடித்து இழுத்தான்.

காளியாயி அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. டின்னையே பார்த்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"நாளைக்குக் காலையில கவர்மெண்டு ஆளு சோதிச்சுப் பாக்க போத்தல்ல தண்ணி புடிக்க வர்றாராம், ஆஸ்பத்திரியில சொன்னாங்க. இன்னிக்கே இவரு கிருமி எல்லாத்தையும் கொன்னுட்டா, தண்ணி சுத்தம்னு எழுதிட்டுப் போயிருவாங்க. அப்புறம் தொட்டிய எவன் மாத்திக் கட்டுவான்? நம்ம புள்ளையக் கொன்னது நாளைக்கு வரைக்கும் உசுரோட கெடக்கட்டுங்க."



டாக்டரய்யா டின்னை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். தோட்டத்துத் துரைதான் இன்றைக்கே போடச் சொன்னார் என்று வாய்க்குள் முனகினார்.

செல்லசாமிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இத்தனை நாள் இல்லாத தூள்.

பிடித்த கையை அவன் விடவில்லை. அதையே பிடித்துக்கொண்டு தொட்டிமேல் ஏறினான்.

காளியாயி கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.