நிறுவனரின் வரலாறு

வாசிப்பவரின் முகமறிந்து தன்னை மாற்றிக்கொள்ளும் பாடநூல்களைக் குணாளனின் பதிப்பகம் பள்ளிகளுக்கு அளித்த ஆண்டு அது. ஏழாம் வகுப்பில் அவருடைய தொழில் வரலாறும் ஒரு பாடம். சிவகாசியில் தேர்வு வழிகாட்டி அச்சிட்டதில் தொடங்கி, செய்தித் தொலைக்காட்சி வரை அவர் வளர்ந்த கதை. 'முதல் வழிகாட்டியை எழுதியவர் செங்கமலம்' என்று மகளின் நூலில் கண்ட செங்கமலத்திற்கு, மகிழ்ச்சியினும் ஐயமே மிகுந்தது. தன்னைத் தொழிலிலிருந்து வெளியேற்றியவர், பெயரை மட்டும் ஏன் விட்டுவைத்தார்?

அண்டை வீட்டுச் சிறுமி யாழ்மொழியை அழைத்து, அவளது நூலையும் பார்த்தார். அதிலும் பெயர் இருந்தது.

"நீ அந்தப் பக்கம் திரும்பி உக்காந்து வாசி கண்ணு. நான் பாக்கல."

சிறுமி சுவரை நோக்கி அமர்ந்து உரக்க வாசித்தாள்: "முதல் வழிகாட்டியைக் குணாளன் தனியொருவராகவே எழுதினார்."

"என் பேரு?"

"இல்லையே அத்தை."

"பரீட்சையில எத எழுதுவ?"

"இதத்தான். எங்க கிளாஸ்ல எல்லாரும் இதத்தான் படிச்சிருக்கோம்."

செங்கமலத்தின் முகம் வாடியதைக் கண்ட சிறுமி, நூலை அவர்பால் நீட்டினாள்.

"அழாதீங்க அத்தை. நீங்க வந்து பாருங்க, உங்க பேரு திரும்ப வந்துரும்."