கத்துகிற வண்டி

“இந்த வண்டிய வாங்கினா நம்ம ஆலையில ஒரு சாவு விழும், முதலாளியம்மா. பூனை மாதிரி வருது. முதுகுக்குப் பின்னால வந்து நின்னாக்கூட தெரியாது.”

தாக் போங்சு ரப்பர் பூட்ஸ் கால்களைச் சேர்த்து வைத்து, துக்க வீட்டில் நிற்பவர் போல நின்றார். கூடவே மூட்டை தூக்கும் மா தூசிக் என்பவனும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

இருவருக்கும் சாவைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. கோஸ் கூடைகள் கூரைவரை அடுக்கிய மூலையில் போர்வை விரித்து, வேலை நடுவே பூப்படம் போட்ட சீட்டு ஆடுகிறவர்கள் அவர்கள். முதலாளியம்மா பான் ஓக்ரே, தான் மட்டுமே ஓட்டும் பழைய டீசல் ஃபோர்க்லிஃப்டை, சரக்குத் தூக்கும் அந்த வண்டியைக் கிளப்பினால் ஆலையே அதிரும். அவர் வந்து சேர்வதற்குள் சீட்டெல்லாம் பூட்ஸுக்குள் போய்விடும்.

பிடிபட்டால் அன்றோடு வேலை போயிற்று. ஓக்ரே சிரித்து அந்தக் கிம்ச்சி ஊறுகாய் ஆலையில் யாரும் பார்த்ததில்லை.

டீசல் புகை வாடை அடிக்கிறதென்று பள்ளிக்கூடச் சமையற்கட்டுகள் சரக்கைத் திருப்பிவிட்டன. பேட்டரி வண்டி வாங்கியே ஆக வேண்டும். விற்பனைக்காரர் இரண்டு கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். ஒன்று சத்தமே போடாது. இன்னொன்று நகர்ந்தாலே ‘பீப் பீப்’ என்று கத்தும்; விலையும் கூடுதல்.

“இங்க தரையெல்லாம் உப்புத் தண்ணி. பேட்டரி தாங்குமா?” என்றார் ஓக்ரே.

“ரெண்டும் தாங்கும்மா. கிளட்ச் கிடையாது, கியர் கிடையாது. ரெண்டு நாள் பயிற்சி எடுத்தா யாரு வேணாலும் ஓட்டலாம்.”

“யாரு வேணாலுமா?”

ஓக்ரே, கணக்கு எழுதும் யுன்பியைக் கூப்பிட்டு ஏறச் சொன்னார். அவள் விற்பனைக்காரர் சொல்லச் சொல்ல ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து நிறுத்தினாள்.

தூசிக் போங்சுவின் விலாவில் இடித்தான். “விடாதீங்கண்ணே!”

போங்சு குரலைத் தழுதழுக்க விட்டார். “கோஸ் கழுவுற அக்காங்களுக்குக் காது மந்தம்மா. கத்துற வண்டின்னா ஒதுங்கிக்குவாங்க.”

“அக்காங்க மேல இம்புட்டுப் பாசமா உனக்கு?” ஓக்ரே இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “சரி, கத்துறதே வரட்டும்.”

வண்டி வந்த அன்று வழக்கம்போலப் பன்றித் தலை வைத்துக் கும்பிட்டு, சக்கரத்தில் அரிசிக் கள் ஊற்றினார்கள். நெற்றி தரையில் பட விழுந்து கும்பிட்டவர் போங்சு.

“என்னண்ணே வேண்டிக்கிட்டீங்க?”

“தொண்டை கட்டிக்கக் கூடாதுன்னு.”

“உங்களுக்கா?”

“வண்டிக்குடா, மடையா!”

அடுத்த வாரம் ஒரு மத்தியானம், உப்புத் தொட்டிகளுக்கு அந்தப் பக்கம் ‘பீப் பீப்’ என்று கேட்டது. போங்சு போர்வையை விரித்தார்.

“அம்மா அந்தக் கோடியில இருக்காங்க. நிம்மதியா ஒரு ஆட்டம் ஆடலாம்டா.”

சீட்டைப் படாரென்று அறைந்து போட்டால்தான் அவருக்கு ஆட்டம் ருசிக்கும். அறைந்தார். தூசிக் திட்டிக்கொண்டே திருப்பி அறைந்தான். வண்டி அந்தக் கோடியிலேயே கத்திக்கொண்டிருந்தது.

போர்வை மேல் ஒரு நிழல் விழுந்தது. தூசிக்கின் கையிலிருந்த சீட்டெல்லாம் சரிந்தன.

எதிரே ஓக்ரே.

“அப்போ... வண்டிய?” என்றார் போங்சு.

“யுன்பி ஓட்டுறா. நேத்துதான் பயிற்சி முடிச்சா.”

போங்சு மண்டியிட்டார்: “நான்தாம்மா இவன இழுத்தேன். அனுப்புறதா இருந்தா என்னைய மட்டும் அனுப்புங்க.”

ஓக்ரே குனிந்து தன் பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தார். போர்வை நுனியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டார்.

“பாழாப்போன டீசலு, நான் எப்ப வந்தாலும் உங்கள சீட்ட ஒளிக்க விட்டுருச்சு. ரெண்டு பேரு ஆடுறதெல்லாம் ஒரு ஆட்டமாடா? எனக்கும் சீட்டப் போடு!”