1897ஆம் வருஷத்து ஏலச் சீட்டு

தொம்மலூர் பழம்பொருள் கடையில், சட்டத்திலிருந்து பிரித்த கல்லச்சுப் படத்தை ருக்கு வெயிலுக்கு நேரே பிடிக்கிறாள். யாரோ ஒரு தளபதி, பொல்லாத மீசை. படத்தின் முதுகில் ஒட்டிய ஏலச் சீட்டில் 1897 என்ற வருஷமும், விற்றவராக அவளுடைய கொள்ளுத்தாத்தாவின் பெயரும் இருக்கின்றன. காலையில் கடையிலிருந்து ஃபோனில் சொன்ன அந்தப் பெயருக்காகத்தான் ஓடி வந்திருக்கிறாள்.

"அன்னிக்குப் போட்ட ஃபிரேம் மேடம், இன்னிக்குக் காலையிலதான் பிரிச்சோம்," என்கிறார் கடைக்காரர் தினேஷ்.

மீசையில் பூச்சி துளைத்த ஓட்டை. ஆனால் அதன் வழியே வெளிச்சம் வரவில்லை. சட்டத்தின் பின்பலகையிலும் அதே இடத்தில் ஓட்டை. நடுவில் இருந்த சீட்டு மட்டும் முழுசாக இருக்கிறது.

"படத்தையும் பலகையையும் தின்ன பூச்சி, எங்க கொள்ளுத்தாத்தா பேரை மட்டும் மரியாதையா சுத்திக்கிட்டுப் போச்சா?"

துடைத்துக்கொண்டிருந்த சட்டக் கண்ணாடியை தினேஷ் மெதுவாகக் கீழே வைக்கிறார்.

"காபி சொல்லட்டுமா மேடம்?"