கறுப்புப் பாய்

அமெரிக்காவில், பேர்லேண்ட் வீட்டின் சாப்பாட்டு மேசை மேல் சனிக்கிழமை வெயில் பிளைண்ட்ஸ் வழியாகக் கோடு கோடாக விழுகிறது. ஸ்கூல் ப்ராஜெக்டுக்காக மதுரா அட்டைக் கப்பலில் கறுப்புத் துணியைப் பாயாகக் கட்டிக்கொண்டிருக்கிறாள். வெள்ளைத் துணி டப்பாவிலேயே மடித்துக் கிடக்கிறது. “வெள்ளைதானம்மா அழகா இருக்கு, அதக் கட்டேன்” என்கிறான் அவள் அப்பா கதிரேசன். “நோ அப்பா. ஹி ஃபர்காட்.” கிரேக்கக் கதையில் எருதுத்தலை அரக்கனைக் கொன்று உயிரோடு திரும்பினால் வெள்ளைப் பாய் கட்டி வருவதாகத் தகப்பனிடம் சொல்லிவிட்டுப் போன தீசியஸ், ஜெயித்த சந்தோஷத்தில் அதை மறந்துவிட்டானாம். பாறை மேல் காத்திருந்த கிழவர் தூரத்தில் கறுப்பைப் பார்த்ததும் கடலில் குதித்துவிட்டாராம்.

கதிரேசனின் விரலில் பசை காய்கிறது. போன வருஷம் கோவில்பட்டியில் ஏர்போர்ட்டுக்குக் கார் ஏறும்போது அவனுடைய அப்பாவும் ஒன்றுதான் கேட்டார்: “போய் எறங்குனதும் ரெண்டு ரிங் விட்ருப்பா. நான் எடுக்க மாட்டேன்.” இறங்கியவன் அசதியில் தூங்கிப்போனான். மறுநாள் ஆபீஸ். மூன்றாம் நாள் ஊரிலிருந்துதான் ஃபோன் வந்தது. மடியில் செல்லோடு நாற்காலியிலேயே போயிருந்தாராம்.

“அப்பா, அந்த ஓல்ட் மேன எட்ஜ்ல ஒட்டுங்க” என்று மதுரா களிமண் கிழவரை நீட்டுகிறாள். கதிரேசன் பசை தடவி, அட்டைப் பாறையின் விளிம்பிலிருந்து நான்கு விரல் உள்ளே தள்ளி அவரை ஒட்டுகிறான். காய்ந்த பிறகும் கையை எடுக்கவில்லை.