கொடியில் காய்ந்த சேலை

பினாங்கின் தஞ்சோங் பூங்கா கடற்கரையில் பூட்டிக் கிடந்த தன் இரண்டாவது வீட்டை விற்றுவிடும் முடிவோடு தைப்பிங்கிலிருந்து வந்த அம்பலவாணர், வாசலில் ரிக்‌ஷாவை விட்டு இறங்கியதும் கொதித்துப் போனார். கொடியில் அவருடைய வேட்டிக்குப் பக்கத்தில் ஒரு பச்சைச் சேலை காய்ந்துகொண்டிருந்தது.

“ஆரையடா என்ர வீட்டில குடிவைச்சிருக்கிறாய்?” என்று காவல்காரன் சவரிமுத்துவைப் பிடித்துக்கொண்டார்.

“யாருமில்லீங்கையா! ஆள் இருக்கிற மாதிரி தெரியணும், இல்லாட்டி திருடன் வருவான்னு தினம் உங்க வேட்டியை நனைச்சுக் காயப்போடச் சொன்னீங்கல்ல? வேட்டி மட்டும் தொங்கினா யார் நம்புவா? அதான் அலமாரியிலேருந்து அம்மா சேலையையும் எடுத்தேன்.”

“சனம் நம்புதோ?”

“நம்பாமலா? பக்கத்து வீட்டு ஐரீனம்மா நேத்துகூட, அம்மா சுகமான்னு கேட்டாங்க. சுகந்தான்னு சொன்னேன். ஏங்கையா, அம்மா கூட வரலையா?”

அம்பலவாணர் சேலையின் ஈர நுனியைப் பிடித்தபடி நின்றார். தைப்பிங்கில் மனைவிக்குக் கொள்ளி வைத்து ஆறு மாதமாகியும், பினாங்கில் யாரிடமும் அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

“அடுத்த மாசம் வருவா” என்றார். “அதுவரைக்கும் ஒவ்வொரு நாளும் காயப்போடு.”