வெறும் பையோடு

"ஏலாது அக்கா... கால் வருகுதில்ல."

விமானக் கதவின் விளிம்பைப் பிடித்திருந்த ஜெனிஸ்டனின் விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. எஞ்சின் இரைந்தது. கச்சான் காற்று முகத்தில் அறைந்தது. முதுகில் இருந்தது வெறும் பை. உள்ளே பாரசூட் இல்லை.

பின்னால் குந்தியிருந்த பயிற்சியாளர் மக்டலின், கைபேசியில் வந்த பகிடி ஆராய்ச்சி ஒன்றை உரக்க வாசித்தாள். "விமானத்தில இருந்து பாரசூட்டோட குதிச்ச ஆக்களும் வெறும் பையோட குதிச்ச ஆக்களும் ஒரே மாதிரித்தானாம். ஒருத்தரும் சாகேல்லையாம்!"

குதிக்கக் காத்திருந்த மற்றவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

"சிரியாதேங்கோ! நெஞ்சு வெடிக்கப் போகுது. என்னை வீட்ட போக விடுங்கோ."

"இண்டைக்குக் குதிக்காட்டி நீ இனி ஒருநாளும் குதிக்க மாட்டாய், தம்பி."

அது அவனுக்கும் தெரியும். "மாதாவே!" என்று அலறிக்கொண்டு, கண்ணை இறுக மூடிப் பாய்ந்தான்.

அடுத்த கணமே பாதம் புல்லில் பட்டது.

அப்படியே குந்தி, இரண்டு கைகளாலும் மண்ணைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான். போன வருடம் பாரசூட் சிக்கித் துறைமுகக் கடலில் விழுந்தவன், அதன் பிறகு விமானக் கதவைத் தாண்டியது இதுதான் முதல் தடவை.

கிளம்பாமலே இரைந்துகொண்டு நின்ற விமானத்தின் கதவில் மக்டலின் வந்து உட்கார்ந்தாள்.

"அந்த ஆராய்ச்சியிலயும் விமானம் இப்பிடித்தான் தரையில நிண்டதாம்."

ஜெனிஸ்டன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தான்.

"அப்ப இனிப் பாரசூட்டைத் தாங்கோ அக்கா."