முன்வரிசைத் தாளம்

“என்னண்ணே, எவ்ளோ ஊர்வலம் போனீங்க! கடைசியில விஜயபுரத்தை ஆந்திராவுலயே வச்சிட்டாங்களே?”

காரை விட்டு இறங்கியதும் இறங்காததுமாகக் கோவர்த்தனன் அண்ணனைச் சீண்டினான். எல்லைத் தகராறு என்று யாராவது வாயெடுத்தாலே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதிக்கிற மனுஷர் அப்பாவு. இன்றைக்கோ தம்பியின் முகத்தையே பார்த்துச் சிரித்தார்.

“இளைச்சிட்டியேடா” என்றார். அவ்வளவுதான்.

“அந்தப் பேச்செல்லாம் இப்ப எதுக்கு தம்பி? உள்ள வா, துன்னுட்டு பேசலாம்” என்று அண்ணி கிருஷ்ணம்மா அவசரமாகக் குறுக்கே வந்தாள்.

கோவர்த்தனனுக்குச் சுருக்கென்றது. மூன்று வருஷமாக ஊர்ப்பக்கம் தலைகாட்டவில்லை. அண்ணனுக்குக் கோபம் இருக்கத்தானே செய்யும்? மெட்ராஸில் சபா, ரேடியோ என்று அலைகிற பாடகனுக்கு லீவு ஏது? இந்தப் பொங்கலுக்குத்தான் மிருதங்கக்காரர் கண்ணபிரானையும் ஏற்றிக்கொண்டு வாடகைக் காரில் புறப்பட்டிருந்தான். இன்றைக்கு அண்ணன் வீடு, நாளை திருப்பதியில் கச்சேரி, அங்கிருந்து சித்தூர்.

கச்சேரியெல்லாம் ஒரு சாக்கு. அவன் வந்தது அண்ணன் வாயால் ஒரு ‘பலே’ வாங்க. அவனுக்குத் தாளம் போடக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். முதல் கச்சேரியன்று ஊரே மாலை போட்டுக் கொண்டாடியபோது அவர் மட்டும், “தாளம் ஓடுதுடா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அது இன்னமும் அவன் நெஞ்சில் முள்ளாகத்தான் கிடக்கிறது.

“நாளைக்கு கச்சேரிக்கு வருவீங்களாண்ணே?”

அப்பாவு மனைவியைப் பார்த்தார். அவள் சிரித்துக்கொண்டே தொடையில் தாளம் தட்டிக் காட்டி, “தம்பி பாட்டுக்குப் போலாமான்றேன்” என்றாள்.

“பின்ன? மொத ஆளா நான்தான் போய் குந்திக்குவேன்!” என்றார் அப்பாவு, தெருவுக்கே கேட்கிற மாதிரி.

சொன்னபடியே மறுநாள் மாலை திருப்பதி சத்திரத்தில், மேடைக்கு நேர் எதிரே, முன்வரிசையில் புது வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். அண்ணி பெண்கள் பக்கம் இருந்தாள்.

முதல் பாட்டுக்கே அண்ணன் கை தொடையில் இறங்கியது. துளி பிசகாத தாளம். கோவர்த்தனனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அடுத்து ஆலாபனை. தாளத்தை விட்டுவிட்டு, ராகத்தை மட்டும் இழைத்து இழைத்துப் பாடினான். கூட்டம் “ஆகா, ஆகா” என்று உருகியது. அண்ணன் மட்டும் பிடித்து வைத்த பிள்ளையார்! சும்மா ஒரு தலையாட்டல்கூட இல்லை.

பல்லவி தொடங்கியதும் மறுபடி அவர் கை எழுந்தது. கண் மட்டும் தம்பியின் முகத்தில் இல்லை. தாளம் போடுகிற அவன் கையையே வெறித்துக்கொண்டிருந்தது.

எங்கே தப்பு விடுவான் என்று பார்க்கிறாரா? இத்தனை பேர் உருகுகிறார்கள், இவருக்கு மட்டும் என் தப்புதான் வேண்டுமா? கோவர்த்தனனுக்குக் கோபம் தலைக்கேறியது. கையை இழுத்து அங்கவஸ்திரத்துக்குள் மறைத்துக்கொண்டு பாடினான். இப்போது பிடியுங்கள் பார்க்கலாம்!

“கையை வெளில எடும் ஓய்! நான் எதைப் பார்த்து வாசிக்கறது?” என்று கண்ணபிரான் பல்லைக் கடித்தார். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எதிரே அண்ணன் கை தடுமாறியது. தப்பான இடத்தில் விழுந்தது. அவர் அக்கம்பக்கம் பார்த்தார். இன்னும் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அத்தோடாவது விட்டிருக்கலாம். பாவி, விடவில்லை. பாட்டு முடிந்ததும் மைக்கருகே குனிந்து, “முன்வரிசையில தாளம் ஓடிப்போச்சு போலிருக்கே!” என்றான். சத்திரமே கொல்லென்று சிரித்தது. எல்லாரும் சிரிப்பதைப் பார்த்து அண்ணனும் சிரித்தார்.

கச்சேரி முடிந்தும் அண்ணன் மேடைப் பக்கம் வரவில்லை. தம்பியும் போய்ப் பார்க்கவில்லை.

“சித்தூருக்கு விடுப்பா” என்று காரில் ஏறி உட்கார்ந்தான். பழிவாங்கிய சந்தோஷம் அந்தக் கார்க் கதவைச் சாத்துகிற வரைக்கும்கூட நிற்கவில்லை. நைனா போனபிறகு தோளில் போட்டு வளர்த்த மனுஷர். அவரை இத்தனை பேர் எதிரில் கேலிப்பொருளாக்கிவிட்டோமே!

அண்ணி தூக்குவாளியோடு ஓடி வந்தாள். “புளிசோறு தம்பி. வேர்க்கடலைத் தொவையலும் வச்சிருக்கேன். வழியில துன்னு.”

“அண்ணனுக்கு என்மேல அப்பிடி என்ன அண்ணி கோவம்? நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா கொறைஞ்சா பூடுவாரு?”

“கோவமா? அங்க தூணாண்ட நின்னு அழுதுக்கினு இருக்காரு தம்பி. ‘பாதியில தாளத்தை வுட்டுட்டேனே, அதனால தம்பி பாட்டு கெட்டுப் போச்சா, கேட்டுக்கினு வா’ன்னு அனுப்பினாரு.”

கிருஷ்ணம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அடக்க முடியாமல் சொன்னாள்:

“உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு என் தலைமேல அடிச்சி சத்தியம் வாங்கினாரு. போன வருஷம் வந்த ஜுரத்துலயே அவருக்கு ரெண்டு காதும் போயிடுச்சு தம்பி. உன் கையைப் பாத்துத்தான் உன் பாட்டைக் கேட்டுக்கினு இருந்தாரு, அதைப் போய் ஏன் மூடிக்கினே?”